காயாத முற்றம்

கணபதி முற்றத்தில் கால் வைத்தார். செருப்பு சேற்றில் அப்படியே நின்றுவிட்டது. கால் மட்டும் முன்னால் போனது.

"விஜி, இங்க யாரு தண்ணி ஊத்துனது?"

"யாரும் ஊத்தலீங்க. காலையிலேருந்து அப்பிடித்தான் கசியுது," என்றாள் மனைவி விஜயலெட்சுமி உள்ளேயிருந்து.

மலையில் திடீரென்று ஊற்றுக் கிளம்பினால் மண்சரிவு வரும் என்று பயப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். குனிந்து முகர்ந்து பார்த்தார். ஊற்று இல்லை. ஊற்றுக்கு இந்த வாசம் வராது.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு, ஹாலிஎலவுக்கு மேலே இந்தப் புது வீட்டுத் திட்டத்துக்குக் குடிவந்த அன்று, கணபதி முதலில் திறந்து பார்த்தது கக்கூஸைத்தான். வீட்டோடு சேர்ந்த தனிக் கக்கூஸ். வேலியோரம் மண்ணுக்குள் ஒரு கழிவுநீர் டாங்கி. அதில் தெளிந்து வரும் தண்ணீர் மண்ணில் ஊறிப் போவதற்காக, முற்றத்துக்கு அடியில் நீளமாகக் கான் வெட்டி, சல்லிக்கல் நிரப்பி மூடியிருந்தார்கள். அந்தக் கான்தான் இப்போது குடித்ததை வெளியே துப்பிக்கொண்டிருந்தது.

வேறு நேரமாக இருந்தால் அவர் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகன் சதீஸ்குமாருக்குப் பேசியிருக்கும் பெண்ணின் வீட்டார் வெலிமடையிலிருந்து வருகிறார்கள். பெண்ணின் பெயர் லக்ஷிகா. மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம், எத்தனை பவுன் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. தரகரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: "கக்கூஸ் வீட்டோட இருக்கா? ஒழுங்கா வேல செய்யுதா?" லயத்தில் வாளியோடு வரிசையில் நின்று வளர்ந்த பெண். அவள் கேட்டதில் தப்பில்லை என்றுதான் கணபதியும் நினைத்தார்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் தள்ளுவண்டியில் மண் கொண்டுவந்து ஈரத்தின்மேல் கொட்டி மிதித்தார். மறுநாள் மண் இருந்த இடத்தில் கூழ் இருந்தது.

"இனி நம்ம கக்கூஸ் பக்கம் யாரும் போகக்கூடாது. கான் காயட்டும்," என்று கதவில் பூட்டுப் போட்டார்.

"அப்ப நாங்க எங்க போறதாம்?"

"இராக்கம்மா வீட்டுக்கு."

விஜயலெட்சுமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பக்கத்து வீட்டு இராக்கம்மாவின் கோழிகள் போஞ்சிப் பாத்தியைக் கிளறிய நாளிலிருந்து, அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

கணபதி வேலியோரம் போய் நின்று தொண்டையைச் செருமினார். இராக்கம்மா கொடியில் பிள்ளைத் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் பிரசவத்துக்கு வந்ததிலிருந்து அந்த வீட்டில் துவைக்கிற சத்தம் நின்றதே இல்லை.

"அக்கா... ஒரு சின்ன உதவி..."

அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு இராக்கம்மா சிரித்தாள். "இதுக்குப் போயி இவ்வளவு இழுக்கணுமா தம்பி? எங்க வாசல் அப்பளம் மாதிரி காஞ்சு கெடக்கு. குடும்பத்தோட வாங்க."

குடும்பத்தோடு போனார்கள். மறுநாள் ஈரம் வாசற்படி வரை வந்திருந்தது.

"குளிக்கிற தண்ணியா இருக்கும். குளிக்கவும் அங்கயே போங்க," என்றார் கணபதி.

குளிக்கவும் அங்கேயே போனார்கள். ஈரம் படியை நனைத்தது.

"துணியையும் அங்கயே தோய்ச்சிக்க."

இராக்கம்மா சவர்க்காரம்கூடக் கொடுத்தாள். முற்றத்தில் இப்போது நடக்க முடியவில்லை, வழுக்கத்தான் முடிந்தது.

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ள விடல. எங்கேருந்துடி வருது?"

"பழசெல்லாம் வருதோ என்னமோ," என்றாள் விஜயலெட்சுமி.

சனிக்கிழமை கணபதி மண்வெட்டியை எடுத்தார். கானைத் திறந்து வெயில் காட்டினால் காய்ந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. வேலியோரம் டாங்கிக் குழாய் வந்து முட்டும் இடம்வரை தோண்டிக் கல்லை எல்லாம் வெளியே குவித்தார். சாயங்காலம் முற்றத்தின் நடுவே நீளமாக ஒரு குளம் இருந்தது.

சதீஸ்குமார் எட்டிப் பார்த்தான். "மீன் விடலாம்ப்பா."

"ஒனக்குத்தான்டா கல்யாணம்!" என்று கத்திவிட்டு, தொழிற்சாலையிலிருந்து பழைய பலகைகளைக் கேட்டு வாங்கி வந்து குளத்தை மூடினார். மேலே தறப்பாளை விரித்து, அதன்மேல் நாற்காலிகளைப் போட்டார். வீடு சின்னது. எல்லோரையும் உள்ளே உட்கார வைக்க இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. லக்ஷிகா, அவள் அப்பா, அம்மா, மேசன் வேலை செய்யும் தாய்மாமன் கஜேந்திரன், அத்தைமார், சித்திமார் எல்லோரும் இறங்கினார்கள். வெலிமடையிலிருந்து வளைவும் நெளிவுமான பாதை. தேத்தண்ணி குடித்ததும் லக்ஷிகா விஜயலெட்சுமியின் காதருகே ஏதோ கேட்டாள்.

விஜயலெட்சுமி கணவரைப் பார்த்தாள்.

"பக்கத்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. அங்க நல்லா விசாலமா இருக்கும்," என்றார் கணபதி.

லக்ஷிகா போகிற வழியில் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்துக்கொண்டே போனாள். அவளுக்குப் பின்னால் அம்மா போனார். அத்தைமார் போனார்கள். சித்திமார் போனார்கள். இராக்கம்மா ஒவ்வொருவருக்கும் வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். கடைசியாகக் கஜேந்திரன் போனார்.

தறப்பாளுக்கு அடியில் ஏதோ கொப்பளித்தது. லக்ஷிகாவின் அப்பாவுடைய நாற்காலி மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. அவர் தேத்தண்ணி சிந்தாமல் கோப்பையை வலப்பக்கம் சாய்த்தார். நாற்காலி இன்னும் சாய்ந்தது. பிறகு ஒரு பலகை புரண்டது. வாசம் எழுந்தது. அத்தைமார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

லக்ஷிகாவின் அப்பா எழுந்து, கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஐயா, ஒளிக்காம சொல்லுங்க. உங்க கக்கூஸ ஏன் பூட்டி வச்சிருக்கீங்க?"

கணபதி தலைகுனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். மண் கொட்டியது, பூட்டியது, தோண்டியது, மூடியது. "எவ்வளவோ பாத்தேங்க. காய மாட்டேங்குது. புள்ள கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் எங்களால..."

சதீஸ்குமார் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். லக்ஷிகா தன் அம்மாவின் பக்கம் திரும்பினாள். அம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

கஜேந்திரன் இன்னும் வரவில்லை. எல்லோரும் வேலிப் பக்கம் பார்த்தார்கள். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அடுத்தடுத்து இருந்த இரண்டு வீட்டு டாங்கிகளுக்கும் நடுவே குந்தியிருந்தார். கணபதி தோண்டிவிட்ட குழாயை ஒரு குச்சியால் தட்டிக்கொண்டே அது எங்கே போகிறது என்று பார்த்தார். மெதுவாக எழுந்து வந்து கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"மச்சான், பூட்டத் தொறக்கச் சொல்லுங்க. இந்த வீட்டுக் கக்கூஸ்ல ஒரு குத்தமும் இல்ல," என்றார். "கட்டுனவங்க ரெண்டு வீட்டுக் குழாயையும் மாத்திப் போட்டுட்டாங்க. இவங்க தண்ணி அந்த அக்கா வாசலுக்குப் போகுது. இத்தன நாளா இவங்களும் இன்னைக்கு நாமளும் அங்க போயிட்டு வந்ததுதான், இப்ப நம்ம நாற்காலிக்கு அடியில நிக்குது."