பக்கத்து வீட்டு வேலைவாய்ப்பு

என் மனைவி வேலைக்குப் போகிறாள். எங்கே என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டுக்கு. என்ன வேலை என்று கேட்பீர்கள். சமையல். அப்படியானால் உன் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்பீர்கள். அதை மட்டும் கேட்காமல் விட்டால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

இதற்கெல்லாம் நானே காரணம் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அதை மறுக்கத்தான் இதை எழுதுகிறேன். காரணம் நான் அல்ல. காரணம் பாடத்திட்டம்.

நான் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பேரியல் பொருளாதாரம் நடத்துகிறவன். எந்தப் பாடத்தையும் வகுப்பில் நடத்துவதற்கு முன்பு வீட்டில் ஒருமுறை நடத்திப் பார்ப்பது என் வழக்கம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எதிரே முழு வகுப்பும் இருப்பதாக நினைத்துக்கொண்டு, உரக்கச் சொல்வேன். எதிரே இருப்பது என் மனைவி. அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருப்பாள். கல்லூரியில் எனக்கு அப்படி ஒரு மாணவி கிடைத்ததில்லை. கொட்டாவி விடமாட்டாள். மணியைப் பார்க்கமாட்டாள். கேள்வி கேட்கும் பழக்கம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நான் இன்று நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தி. ஓராண்டில் ஒரு நாட்டின் எல்லைக்குள் உற்பத்தியாகும் இறுதிப் பொருள்கள், சேவைகள் அனைத்தின் சந்தை மதிப்பு. ரொட்டிக்கடைக்காரர் வாங்கிய மாவு இதில் தனியாகச் சேராது, அவர் விற்ற ரொட்டிதான் சேரும் என்று விளக்கினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"நான் இப்ப உரிக்கறேனே, இந்தப் பட்டாணி அதுல வருமா?"

"கடையில வாங்கினது வரும். உரிக்கறது வராது."

"சமைக்கறது?"

"வராது."

"பரிமாறறது, பாத்திரம் தேய்க்கறது, துணி துவைக்கறது?"

"அதெல்லாம் சந்தைக்கு வரலையேம்மா. விலை இல்லாத சேவை. கணக்கெடுக்கறவனைப் பொறுத்தவரைக்கும் நீ வீட்ல சும்மா இருக்கே. அவ்வளவுதான்."

அவள் இன்னொரு பட்டாணியை உரித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"அப்போ பக்கத்து வீட்டம்மா அவங்க வீட்ல சமைக்கறதும் வராது."

"வராது."

"நான் அங்க போய்ச் சமைச்சு, அவங்க இங்க வந்து சமைச்சு, ரெண்டு பேரும் சம்பளம் வாங்கினா?"

எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு மாணவனும் இந்த இடத்துக்கு வந்ததில்லை. மேசையைத் தட்டி, வரும், தாராளமாக வரும், அதே அரிசி அதே காய்தான், ஆனால் நாட்டின் உற்பத்தி உயர்ந்துவிடும், இதுதான் இந்தக் கணக்கின் வேடிக்கை என்று சொல்லிச் சிரித்தேன். அவள் "சரி" என்று சொல்லிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் வாதாடினால் பயமில்லை. சரி என்று சொன்னால்தான் பயப்பட வேண்டும். இது தெரிந்தும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் காலையில் சாப்பிட உட்கார்ந்தபோது என் வீட்டு அடுப்பின் முன்னால் பக்கத்து வீட்டம்மா நின்றிருந்தார். "வாங்கண்ணே, உக்காருங்க" என்று என்னை என் வீட்டுக்கே வரவேற்றார்.

பக்கத்து வீட்டைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். தெருவில் அவருக்கு பிரேக் என்று பெயர். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா. பல வருடம் அதன்மேல் காலை வைத்திருந்ததில், எதிரே யாராவது கொஞ்சம் வேகமாகப் பேசினாலும் அவர் கால் தானாகத் தரையை அழுத்தும். நல்ல மனிதர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி உண்மையிலேயே நல்லவர். ஆனால் உப்பு, காரம், எண்ணெய் மூன்றும் தம் குடும்பத்துக்குச் செய்வினை வைத்ததுபோல அவற்றோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டவர். எதையும் வேகவைப்பார். அது வெந்த பிறகும் வேகவைப்பார். என் தட்டில் ஏதோ வெளுத்துக் கிடந்தது. என்ன காய் என்று கேட்டேன். சொன்னார். நம்பினேன்.

சாயங்காலம் என் மனைவி வீடு திரும்பினாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருவதற்குத் தோளில் கைப்பை. செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். இன்றைக்கு வேலை கொஞ்சம் அதிகம் என்றாள். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

கோபத்தை அடக்கிக்கொண்டேன். இது ஓர் ஏற்பாடு, பொருளாதாரம் தெரிந்தவன் பதறக் கூடாது. வருமானத்தின் வட்ட ஓட்டம் என்று ஒரு படம் உண்டு. எத்தனை கரும்பலகையில் வரைந்திருப்பேன். ஒருவர் செலவு இன்னொருவர் வருமானம். நான் பக்கத்து வீட்டம்மாவுக்குக் கொடுக்கும் சம்பளம் அந்த வீட்டுக்குப் போகும். பிரேக் என் மனைவிக்குக் கொடுக்கும் சம்பளம் இந்த வீட்டுக்கு வரும். யாருக்கும் நஷ்டமில்லை. சம்பள நாளும் வந்தது. நான் கொடுத்தேன். மனைவி வாங்கிக்கொண்டு வந்தாள். கையை நீட்டவில்லை, ஆனால் நீட்டத் தோதாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அது இப்படி வரணும். வட்ட ஓட்டம்."

"வட்டத்துல கசிவும் உண்டுன்னீங்களே. சேமிப்பு."

ஆக, இரண்டு ஆண்கள் கொடுக்கிறோம். இரண்டு பெண்கள் வாங்குகிறார்கள். நாட்டின் உற்பத்தி உயர்ந்துகொண்டிருந்தது. என் எடை குறைந்துகொண்டிருந்தது.

என்னால் தாங்க முடியாமல் போனது என் பசியைக்கூட அல்ல, பிரேக்கின் கன்னங்களை. எலும்பும் தோலுமாக, எதைப் பார்த்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த மனிதர் மாதம் திரும்புவதற்குள் பளபளவென்று ஆகிவிட்டார். வாசலில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நிறுத்தி வைத்து, அன்று என்ன சாப்பிட்டார் என்று முதல் கவளத்திலிருந்து சொல்வார். சார், உங்க வீட்டம்மா கைக்கு வளையல் போடணும் என்பார். அது நான் போட்ட வளையல் இருக்கும் கை. அது எனக்கு வர வேண்டிய சோறு. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பற்றி மூன்றாம் மனிதர் வந்து தகவல் சொல்வதுபோல, என் வீட்டுச் சமையலைப் பற்றி நான் அவர் வாயால் கேட்டுக்கொண்டு நின்றேன். தொடர்ந்து இரண்டு காலாண்டு உற்பத்தி சுருங்கினால் அது மந்தநிலை என்று வகுப்பில் சொல்வேன். காலாண்டு எல்லாம் வேண்டாம். இரண்டு வேளை போதும்.

முதலில் நியாயமான வழியில்தான் போனேன். பிரேக் கொடுப்பதைவிட நான் அதிகம் தருகிறேன், வீட்டோடு வேலைக்கு வந்துவிடு என்று மனைவியிடம் சொன்னேன். சொந்த மனைவியிடம் இப்படிப் பேரம் பேச நேர்ந்ததே என்று வயிறெரிந்தாலும் சொன்னேன். அவள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். யோசிக்கவில்லை. பிரேக்கிடம் சொல்லிவிட்டாள். அவர் அன்றே சம்பளத்தை உயர்த்திவிட்டார். சமையலுக்குச் சந்தையில் கூலி ஏறிவிட்டது என்று கேள்விப்பட்ட பக்கத்து வீட்டம்மா, தமக்கும் ஏற்றித் தர வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார். அதே வெளுத்த காய். அதே உப்பில்லாத பருப்பு. விலை மட்டும் அதிகம். பணவீக்கம் எங்கிருந்து வருகிறது என்று இனி என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். என் சமையலறையிலிருந்து வருகிறது.

பிறகுதான் திட்டம் தீட்டினேன். பிரேக்கை வாசலில் பிடித்தேன். நாம் இருவரும் குடும்பத் தலைவர்கள், கொடுத்துக்கொண்டே இருந்தால் எங்கே போய் நிற்கும் என்று கேட்டேன். நாளைக் காலையில் ஒரே நேரத்தில் நீங்கள் அந்தப் பக்கம் நிறுத்திவிடுங்கள், நான் இந்தப் பக்கம் நிறுத்திவிடுகிறேன், இரண்டு பேரும் வேலையில்லாமல் அவரவர் வீட்டு அடுப்புக்குத் திரும்பிவிடுவார்கள், பழைய சமநிலை வந்துவிடும் என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கால் தரையை அழுத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் அதன் பொருள் எனக்குப் புரியவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டம்மாவிடம், தங்கச்சி, தப்பாக நினைக்க வேண்டாம் என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தேன். அவர் தப்பாக நினைக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, பரவாயில்லண்ணே என்று புன்னகையோடு கிளம்பினார். நான் தட்டைக் கழுவி மேசையில் வைத்துவிட்டு மனைவிக்காகக் காத்திருந்தேன். ஜன்னல் வழியாக வாசனை வந்தது. எண்ணெயில் வெங்காயம் வதங்கும் வாசனை. பக்கத்து வீட்டில் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த யாரோ யார் என்று என் மூக்குக்குத் தெரியும்.

சாயங்காலம் வழக்கம்போலக் கைப்பையோடு வந்தாள்.

"உன்னை நிறுத்தலையா?"

"யாரு, அண்ணனா? அவரு எதுக்கு நிறுத்தறாரு? வாத்தியார் ஒரு யோசனை சொன்னாரு, முடியாதுன்னா மனசு கஷ்டப்படுவாரேன்னு கை குடுத்துட்டேன்னு நேத்தே சொல்லிட்டாரே."

அதோடு விடவில்லை. நான் நிறுத்தியது நல்லதாகப் போயிற்று என்றாள். கார் பழக வருகிறவர்கள் விடிந்ததும் விடியாததுமாக வெறும் வயிற்றோடு வந்து நிற்கிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போடுவது என்று ஒரு யோசனை இருந்திருக்கிறது. தனி ஆளாகச் சமாளிக்க முடியாது, கூட ஒரு ஆள் வேண்டும் என்று தயங்கிக்கொண்டிருந்தார்களாம். அந்த ஆளை இன்று நானே அனுப்பிவிட்டேன். நான் உண்டாக்கிய வேலையின்மை ஒரு தெருவைத் தாண்டவில்லை, ஒரு மதில் சுவரைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. இருவர் சேமிப்பையும் போட்டுப் பெரிய அடுப்பு வாங்கியாயிற்று. சேமிப்பு முதலீடாக மாறும் என்று நான் நடத்தாத வருடம் இல்லை. என் பணம் பிரேக் வீட்டு அடுப்பாக மாறும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

எனக்கு யார் சமைப்பது என்று கேட்டேன். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து இங்கேயும் பார்க்க முடியுமா, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கள் என்றாள். என்னிடம் நியாயம் இருந்தது. சோறு இல்லை.

நானே சமைத்தேன். அடியில் கருகி, நடுவில் குழைந்து, மேலே அரிசியாகவே இருந்த ஒரு சோற்றை ஒரே பாத்திரத்தில் ஆக்க முடியும் என்று நிரூபித்தேன். வெட்கத்தை விட்டுப் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய், காசுக்கு ஒரு தட்டுச் சாப்பாடு கேட்டேன். கார் பழகுகிறவர்களுக்கும் வேலை செய்கிறவர்களுக்கும் மட்டும்தான், அளவாகத்தான் செய்கிறோம் என்று பக்கத்து வீட்டம்மா வருத்தத்தோடு சொன்னார். அந்த வருத்தத்தில் உப்பு இருந்தது. மறுநாளே கார் பழகச் சேர்ந்தேன். தெருமுனை வரை போனோம். அதற்குள் ஒரு பால்காரரும் இரண்டு நாய்களும் சுவரேறிவிட்டார்கள். பிரேக் வண்டியை நிறுத்தி, கட்டணத்தை என் சட்டைப்பையிலேயே திரும்ப வைத்து, சார், உங்க உயிரும் வேணும், என் உயிரும் வேணும் என்று இறக்கிவிட்டார்.

மிச்சம் ஒரு வழிதான் இருந்தது. மெதுவாக, யாரும் பார்க்காத நேரமாகப் போய், வேலைக்கு ஆள் தேவைப்படுமா என்று விசாரித்தேன். முன் அனுபவம் உண்டா என்று பக்கத்து வீட்டம்மா கேட்டார். மொத்தத் தேவை, மொத்த அளிப்பு, நிதிக் கொள்கை எல்லாம் பல வருடம் நடத்தியிருக்கிறேன் என்றேன். வெங்காயம் நறுக்கத் தெரியுமா என்று கேட்டார். கற்றுக்கொள்கிறேன் என்றேன்.

இப்போது கல்லூரிக்குப் போவதற்கு முன்பு தினமும் காலையில் பிரேக் வீட்டுப் பின்கட்டில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குகிறேன். நறுக்கி முடிந்ததும் வேலையாட்களுக்கு உரிய தட்டு வரும். முதல் நாள் முதல் வாயில் கண்ணில் நீர் வந்தது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். பிரேக் அடிக்கடி வந்து எட்டிப் பார்த்து, துண்டு இன்னும் கொஞ்சம் சின்னதாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார். பொறுத்துக்கொள்கிறேன்.

நேற்று அவர் காரை எடுத்துக்கொண்டு போன சமயம், பக்கத்து வீட்டம்மாவும் கடைக்குப் போயிருந்தார். அடுப்படியில் என் மனைவியும் நானும் மட்டும்தான். இதைவிட்டால் வேறு நேரம் வாய்க்காது என்று கத்தியை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய், குரலைத் தணித்து, நம் வீட்டு அடுப்பை எப்போது பற்ற வைக்கப் போகிறாய் என்று கேட்டேன்.

அவள் கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "வேலை நேரத்துல வீட்டு விஷயம் பேசாதீங்க."