பியானோவுக்கு வண்டி அனுப்புவது குறித்து

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருக்கிறீர்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். போனில் கேட்டால் நீ பதிலுக்கு என் நலத்தைக் கேட்பாய். அதற்கு நான் இன்னும் தயாராகவில்லை. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பல்கூடத் தேய்க்காமல், தையல் டேப்பை எடுத்து உன் பியானோவை அளந்தேன். நீளம் ஐம்பத்தெட்டு அங்குலம், அகலம் இருபத்துநான்கு. வாசல் முப்பத்தாறு. நீளவாக்கில் தள்ளினால் ஒரு சாணுக்கு மேல் இடம் மிச்சம். ஆகையால் சனிக்கிழமை வண்டியை அனுப்பி உன் பொருளை எடுத்துக்கொள். எட்டு மாதம் வைத்திருந்தது போதும்.

என் பொடிசு ஒழுங்காகப் பழகவில்லையா என்று கேட்பாய். அவள் ஒழுங்காகத்தான் பழகுகிறாள். எனக்குத்தான் பக்கத்தில் உட்கார வரவில்லை. பியானோ டீச்சர் முதல் வகுப்பிலேயே, பெற்றோர் செய்ய வேண்டியவை என்று பத்து அறிவுரைகள் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்திப் பழகிய கை சும்மா இருக்குமா? மூன்று எழுத்துப்பிழைகளைச் சுழித்துத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து டீச்சர் என்னிடம் தலையை மட்டும்தான் ஆட்டுகிறார். ஆனாலும் முதல் அறிவுரை எனக்குப் பிடித்திருந்தது: தினமும் இருபது நிமிடம் குழந்தையின் அருகில் அமருங்கள். பகல் முழுவதும் நானும் அச்சுத்தாள்களும்தான். இவரோ வேலை நடக்கும் ஊரிலிருந்து மாதத்தில் இரண்டு முறை வந்து துணி துவைத்துக்கொண்டு போகிறார். ஐந்து மணிக்கு ஒருத்தியின் பக்கத்தில் உட்காரலாம், அதுவும் டீச்சர் உத்தரவின் பேரில் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்தேன். நான்காம் நாள் அவள் வாசிப்பதை நிறுத்தினாள்.

"அம்மா, நீ மூச்சு விடுறது கேக்குது."

"மூச்சு விடாம எப்படிடி இருக்கிறது?"

"அங்க போய் விடு."

அங்கே என்றால் சோபா. சோபாவிலிருந்தபடி அடுத்த அறிவுரையைப் பின்பற்றினேன்: பலனைவிட முயற்சியைப் பாராட்டுங்கள். "நல்லா முயற்சி பண்ணினே" என்றேன். "அப்போ நல்லா இல்லையா?" என்றாள். மறுநாள் உஷாராக, "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன். "நாலு இடத்துல தப்பு. நீ கேக்கவே இல்ல" என்றாள். சோபாவிலிருந்து சாப்பாட்டு மேசைக்குப் போனேன், அங்கே நான் விரலால் எண்ணுவது கண்ணில் படுகிறதாம், சமையலறைக்குப் போனேன், அங்கே பாத்திரச் சத்தத்தில் தாளக் கணக்கு விட்டுப்போகிறதாம். இவர் போனில் "பக்கத்துல உக்காந்தியா?" என்று கேட்கும்போதெல்லாம் "உக்காந்தேன்" என்று கூசாமல் சொன்னேன். அப்போது நான் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதுவும் பக்கம்தானே.

நேற்று ஒரு படி மேலே போய், வீட்டுக்கு வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். காற்றடித்து, கதவு பின்னால் தானாகப் பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே. மணி அடித்தால் பியானோ சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "அம்மா, தாளம் போடாத. நானே எண்ணிக்கிறேன்." நான் சமையலறைக் கதவைத் தட்டுவதாக நினைத்திருக்கிறாள். அதற்குள் கீழ்வீட்டு ரிட்டையர்டு இன்ஜினியர் ஏறி வந்துவிட்டார்.

"என்னம்மா, வெளிய நிக்கிறீங்க?"

"பொண்ணு பியானோ பழகுறா சார்."

"சரி. அதுக்கு நீங்க ஏன் வெளிய நிக்கணும்?"

பத்து அறிவுரைகளில் எதிலும் அதற்குப் பதில் இல்லை, அக்கா. அவர் பாவம், தானும் சேர்ந்து தட்டினார். "இப்போ தாளம் தப்பு" என்றாள் உள்ளேயிருந்து. மனுஷர் முகம் சுருங்கிக் கீழே இறங்கிப் போய்விட்டார். நாற்பது நிமிடம் வாசித்தாள். வழக்கமாக இருபது நிமிடத்துக்கே என் உயிர் போகும். வாசித்து முடித்த பிறகுதான் மணிச் சத்தம் கேட்டு வந்து கதவைத் திறந்தவள், "நீ எப்ப வெளிய போன? உள்ளதான் இருக்கேன்னு நெனச்சேன்" என்றாள்.

அவ்வளவுதான். அழவில்லை, சண்டை போடவில்லை, தோசை சுட்டேன். ஆனால் அந்த வார்த்தை மனதில் உட்கார்ந்துவிட்டது. நான் வீட்டில் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான் என்றால், தினம் ஐந்து மணிக்கு நாற்காலி நாற்காலியாக நான் ஏன் நகர வேண்டும்? பியானோ போய்விட்டால் என்னை யாரும் எங்கிருந்தும் எழுப்ப மாட்டார்கள். ஆள் இரண்டு பேர் போதும், போர்வை நான் தருகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் முழங்கால் உன் பேச்சைக் கேட்கட்டும். உன் மகளுக்கு, அவள் விட்டுப்போன பியானோவை எட்டு மாதம் துடைத்தவளின் ஆசீர்வாதம்.

அன்புடன்,
உன் தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் பொடிசு பள்ளியிலிருந்து வந்து வாசிக்க உட்கார்ந்துவிட்டாள். நான் சமையலறையில் சத்தமில்லாமல் மேலே உள்ளதைப் படித்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு வரி வாசித்துவிட்டு நிறுத்தினாள்.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்."

மறுபடி வாசித்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. "என்ன, சத்தத்தையே காணோம்?"

கையில் அகப்பட்ட கரண்டியைக் கீழே போட்டேன். வாசிப்பு தொடர்ந்தது. தப்பே இல்லாமல் என்று சொல்ல மாட்டேன். நான்கு இடம் இருக்கும். இந்தத் தடவை எண்ணினேன்.

ஆகவே அக்கா, நான் எழுதிய அளவு தவறு. இந்தப் பியானோ எங்கள் வாசல் வழியாகப் போகாது. எப்படி உள்ளே வந்தது என்று அத்தான் கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள். நாளையிலிருந்து ஐந்து மணிக்கு, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களையே எடுத்து மறுபடி கழுவப் போகிறேன், அவளுக்குக் கேட்கிற மாதிரி. இதை அவளிடம் சொல்லவில்லை, இவரிடமும் சொல்லவில்லை. நீயும் இந்தக் கடிதம் கைக்கு வரும்வரை தெரியாதவள்தான்.