மரம் எண் 4118

ஒரு மேட்டை இல்லாமல் செய்ய இதுவரை உலகம் அறிந்த வழிகள் மூன்று: வெட்டுவது, அள்ளுவது, கொண்டுபோய்க் கொட்டுவது. மூன்றிலும் வியர்வை உண்டு, தூசி உண்டு, யாராவது ஒருவர் குனிந்தும் தொலைக்க வேண்டும். குனியாமல், வியர்க்காமல், நாற்காலியை விட்டு எழாமலே மேட்டை இல்லாமல் செய்யும் நான்காவது வழியைக் கண்ட பெருமை, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இயங்கும் வடகடல் வட்டார நகர்நல முகமையையே சாரும். குறிப்பாக அதன் கண்காணிப்பாளர் திரு. தேவப்பிரியம் அவர்களைச் சாரும். வரலாறு இதைக் குறித்துக்கொள்ளட்டும். குறிக்காவிட்டாலும் மோசமில்லை, கோப்பில் இருக்கிறது.

தேவப்பிரியம் ராயபுரத்துக்காரர். வயது ஐம்பத்தாறு. இருபத்தெட்டு வருடச் சேவையில் எந்தக் காகிதத்தையும் அவர் தொலைத்ததில்லை, எந்தக் காகிதத்தின் மேலும் நடவடிக்கை எடுத்ததுமில்லை. இரண்டையும் ஒருசேரச் சாதிப்பது லேசுப்பட்ட காரியமா? முயன்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு திங்கட்கிழமை காலை ஜே.டி. என்று எல்லோரும் அழைக்கும் இணை இயக்குநர் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். ‘ஒளிமுகம்’ என்றொரு படத்திருத்தி வந்திருக்கிறது. கணினியில் எதையும் ஏற்ற வேண்டாம், பிரவுசரைத் திறந்தால் போதும். புகைப்படத்தைப் போட்டு, வேண்டியதைத் தமிழிலேயே எழுதினால் செய்து கொடுத்துவிடும். உள்ளே செயற்கை நுண்ணறிவு இருக்கிறது. வாங்கலாமா வேண்டாமா என்று மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். அந்த அலுவலகத்துக்குள் எந்த வகை அறிவும் நுழைவது அதுவே முதல் தடவை என்பதால், ஜே.டி. எச்சரிக்கையாக இருந்ததில் தப்பில்லை.

மதிப்பீட்டுக்குப் படிவம் வேண்டுமே. தேடியதில் பழைய படிவம் ஒன்று கிடைத்தது. கூரை விசிறி வாங்கியபோது தயாரித்தது. நல்ல படிவத்தை வீணாக்குவானேன் என்று தேவப்பிரியம் அதையே எடுத்துக்கொண்டார். ஒப்பந்தக் கணினி இயக்குநர் மதி, ஒன்பது வருடமாக ‘தற்காலிகமாக’ வேலை பார்ப்பவள், ஒவ்வொரு கேள்வியாகப் படித்தாள்.

“கேள்வி நாலு. இறக்கைகள் எத்தனை?”

“தேவையான அளவுன்னு போடு.”

“கேள்வி ஏழு. சுற்றும்போது சத்தம் வருகிறதா?”

தேவப்பிரியம் திரையைப் பார்த்தார். அங்கே ஒரு சின்ன வளையம் வெகுநேரமாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவர் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

“சுற்றுகிறது, சத்தம் இல்லை. எழுதிக்க.”

“துருப்பிடிக்குமா?”

“கடற்காத்துல வச்சுப் பாக்காம சொல்லக் கூடாது. ‘இதுவரை இல்லை’ன்னு போடு.”

முதல் சோதனையைத் தேவப்பிரியம் தன் உடலை வைத்தே செய்தார். தியாகம் என்றால் அது. அடையாள அட்டையில் இருந்த தம் படத்தைப் போட்டு, ‘முகப்பொலிவு’ என்ற பொத்தானை அமுக்கச் சொன்னார். வழுக்கை மறைந்தது, தொங்கிய தாடை ஏறிக்கொண்டது, முப்பது வயதில்கூட அவருக்கு இல்லாத ஒரு மீசை முளைத்தது. பூரித்துப்போய் வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த நிமிடமே அவர் மனைவி டோரதி போன் செய்தாள்.

“யாருங்க இந்தப் பையன்? நம்ம பொண்ணு சாண்ட்ராவுக்கு வந்த எடமா? பாக்க லட்சணமா இருக்கான். எந்தச் சர்ச் பங்காம்?”

தேவப்பிரியம் போனை வைத்தார். மதிப்பீட்டில் ‘பயனாளர் கருத்து: மிகவும் சாதகம்’ என்று எழுதினார்.

கடைசிக் கேள்விதான் சிக்கல். ‘அலுவலகப் பயன்பாட்டில் நேரடியாக இயக்கிக் காட்டவும்.’ விசிறியென்றால் மாட்டி ஓட்டிவிடலாம். இதை எதில் மாட்டுவது? மதி ஒரு புகார்க் கோப்பை உருவினாள். அதில்தான் புகைப்படங்கள் நிறைய இருந்தன.

கோப்பு சங்கிலிக்காரன் சந்தைப் பற்றியது. நாலு மாதத்துக்கு முன்னால் மழைநீர்க் கால்வாய் தூர் வாரியவர்கள், வாரிய சேற்றையும் கல்லையும் சந்தின் வாயில் எட்டடி உயரத்துக்குக் குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். சந்தின் மறுமுனை தொழிற்சாலையின் மதில். ஆக, மேட்டில் ஏறி இறங்கினால்தான் வெளி உலகம். புகார் கொடுத்தவர் பவுனம்மாள், டோல்கேட்டில் கன்டெய்னர் லாரி டிரைவர்களுக்குச் சோறு ஆக்கிப் போடுகிறவர். மனு எழுதியபோது அவர் மருமகள் அம்முவுக்கு ஐந்தாம் மாதம், இப்போது நிறைமாதம். டாக்டர் குறித்த தேதிக்கு இன்னும் ஆறே நாள். வலி வந்தால் ஆட்டோ வீட்டு வாசலுக்கு வர வேண்டும். எட்டடிச் சேற்று மேட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏற முடியாது. மனுவில் கேட்டிருந்தது இவ்வளவுதான்.

மனுவின் ஓரத்தில் ஜே.டி. அன்றைக்கே எழுதியிருந்தார்: ‘மேட்டை உடன் எடுக்கவும்.’ அலுவலகம் தாமதிக்கவில்லை. மறுநாளே ஆள் போய் எடுத்துக்கொண்டு வந்தார், புகைப்படம். அந்த அலுவலகத்தில் ‘எடு’ என்றால் புகைப்படம்தான். வேறு எதையும் அங்கே யாரும் எடுத்துப் பழக்கமில்லை. பவுனம்மாள் மறுபடி வந்து “எடுக்கலியே” என்றார். மறுபடி போய் எடுத்தார்கள். இப்படிப் பதினோரு தடவை. முன்பக்கம், பின்பக்கம், மேட்டின் மேல் ஆடு நிற்கும்போது, ஆடு இல்லாதபோது. ஒவ்வொரு படத்தின் கீழும் ‘எடுக்கப்பட்டது’ என்று தேதியோடு கையெழுத்து.

“என்ன எழுதட்டும் சார்?” என்று கேட்டாள் மதி.

“நம்ம இஷ்டத்துக்கா எழுத முடியும்? ஜே.டி. குறிப்பு எப்படி இருக்கோ அப்படியே.”

மதி தட்டினாள்: ‘மேட்டை உடன் எடுக்கவும்.’ வளையம் சுற்றியது. மூன்று விநாடி. மேடு காணோம். அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பதை அலுவலகத்தில் முதன்முதலாகப் புரிந்துகொண்டது அந்தச் செயலிதான்.

மேடு இருந்த இடத்தில் பளபளவென்று சிமெண்ட் சாலை. அதன் ஓரத்தில் இருபதடி உயரத்துக்கு ஒரு வேப்பமரம், நிழலோடு.

“மரத்தை யார் கேட்டா?” என்றார் தேவப்பிரியம்.

“எடுத்த இடம் வெறுமையாத் தெரியக் கூடாதுன்னு அதுவா நிரப்பிக்கும் சார். இங்க என்ன இருந்திருக்கும்னு ஊகிக்குமாம்.”

படத்தைப் பார்த்த ஜே.டி.க்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வருடம் மரம் நடும் இலக்கில் ஒன்று குறைவாக இருந்தது. உடனே பதிவேட்டில் ஏற்றச் சொன்னார். மரம் எண் 4118, வேம்பு, ஆரோக்கியமான நிலை. மேட்டுக் கோப்பு முடிக்கப்பட்டது. பவுனம்மாளின் செல்போனுக்குப் படத்தோடு செய்தி போனது: ‘தங்கள் குறை களையப்பட்டது. நன்றி.’

புதன்கிழமை காலை பவுனம்மாள் மாடி ஏறி வந்தார். முப்பது டிரைவர்களை ஒரே அதட்டில் வரிசையில் உட்கார வைக்கிற குரல்.

“இன்னா சார் இது? போட்டோல எட்த்துட்டீங்கோ. ரோட்ல எப்ப எட்ப்பீங்கோ?”

“எடுத்தாச்சேம்மா. ஃபைலே மூடியாச்சு.”

“ஃபைல மூடிட்டா வலி நின்னுடுமா? காலைல மேட்டு மேல ஏறித்தான் வந்தேன், பாரு காலை. சேறு கீதா இல்லியா?”

தேவப்பிரியம் எட்டிப் பார்த்தார். முழங்கால் வரை கறுப்புச் சேறு. அது காலில் இருந்தது, கோப்பில் இல்லை. அவர் என்ன செய்வார் பாவம்.

பவுனம்மாள் தன் போனில் அன்று காலை எடுத்த படத்தை நீட்டினார். தேவப்பிரியம் நியாயஸ்தர். இரண்டு படங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க மதியிடம் சொன்னார். ஒளிமுகத்தில் அதற்கும் ஒரு பொத்தான் இருந்தது. முடிவு வந்தது: ‘வேறுபாடுகள் இரண்டு. ஒன்று, மேடு கூடுதலாக உள்ளது. இரண்டு, மரம் குறைவாக உள்ளது.’

தேவப்பிரியம் இரண்டாவது வரியை இன்னொரு தடவை படித்தார். கூடுதலாக இருப்பதைப் பற்றி எந்த அலுவலகமும் கவலைப்படாது. குறைவாக இருப்பதுதான் தணிக்கையில் மாட்டும். எண் போட்டுப் பதிவான அரசு மரம் இரண்டே நாளில் மாயம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“மரம் எங்கம்மா?”

“இன்னா மரம்?”

“நாலாயிரத்து நூத்திப் பதினெட்டு. வேப்பமரம். அனுமதி இல்லாம மரத்தை வெட்டுறது குற்றம், தெரியுமில்ல? புகார் குடுத்தவங்கன்ற முறையில உங்களைத்தான் முதல்ல விசாரிக்கணும். மதி, நோட்டீஸ் ஒண்ணு அடி.”

பவுனம்மாளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நாலு மாதமாக இந்த மாடிப்படி ஏறி இறங்கி முட்டி தேய்ந்ததற்கு இதுவா கூலி என்று வாயைத் திறந்தவர், திரையில் இருந்த மரத்தைப் பார்த்தார். பிறகு தேவப்பிரியத்தின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் நிஜமான துக்கம் இருந்தது. பதினோரு தடவை மேட்டைப் பற்றிச் சொன்னபோது ஒருநாள்கூட அங்கே அவர் கண்டிராத துக்கம். திறந்த வாயை மூடி, மூக்கை உறிஞ்சி, குரலைத் தணித்துக்கொண்டார்.

“யாரும் வெட்டல சார். மரம் அங்கதான் கீது.”

“எங்க?”

“மேட்டுக்கு அடியில. அவனுங்கோ சேத்த வாரி அது மேலயே கொட்டிட்டானுங்கோ.”

தேவப்பிரியம் யோசித்தார். எட்டாம் வகுப்புக் கணக்கு அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

“எட்டடி மேட்டுக்குள்ள இருபதடி மரம் எப்படிம்மா இருக்கும்?”

“சாஞ்சிகினு கீது சார்” என்றார் பவுனம்மாள். “மூச்சு முட்டிகினு கீது. இன்னும் ரெண்டு நாள் உட்டா பூட்சி.”

மதி இருமலை அடக்க முடியாமல் வெளியே போய் இருமிவிட்டு வந்தாள்.

ஜே.டி.க்குப் போன் பறந்தது. “மரத்தைக் காப்பாத்துங்க மிஸ்டர் தேவப்பிரியம்” என்று அவர் சொன்னபோது குரல் தழுதழுத்ததாகக் கேள்வி. நாலு மாதம் தூங்கிய அலுவலகம் நாலு மணி நேரத்தில் எழுந்து நின்ற காட்சியைக் காணக் கண் கோடி வேண்டும். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் சங்கிலிக்காரன் சந்தின் வாயில் ஒரு பொக்லைன், மூன்று லாரி, எட்டு ஆட்கள், வேருக்குக் கட்ட ஈரச் சாக்கு, ‘மர மீட்புப் பணி’ என்று ஒரு பேனர். தேவப்பிரியம் குடை பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

“பாத்து நைனா, பாத்து” என்று பொக்லைன் டிரைவரிடம் பவுனம்மாள் கத்தினார். “கிளை எதுனா ஒடிஞ்சிடப் போவுது. இந்தாண்ட அள்ளு. இன்னும் கொஞ்சம். அந்த மூலைல கீது பாரு, அதயும் அள்ளு. வேர் அங்கதான் ஓடிகினு இருக்கும்.”

ஒன்றரை மணி நேரத்தில் எட்டடி மேடு தரையானது. மூலை முடுக்கெல்லாம் சுரண்டியாயிற்று. ஒரு செருப்பும், உடைந்த குடமும், நாலு சிமெண்ட் பலகையும் கிடைத்தன. மரம் மட்டும் இல்லை. தேவப்பிரியம் ஈரச் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார்.

“சார், அந்தப் படத்துல மரத்தையும் எடுத்துடவா?” என்று மெதுவாகக் கேட்டாள் மதி.

“எடுத்தா இலக்குல ஒண்ணு குறையும். எடுக்கலைன்னா தரையில ஒண்ணு குறையுது. எதைம்மா எடுக்கச் சொல்ற?”

அதற்குள் ஒரு ஆட்டோ வளைந்து சந்துக்குள் நுழைந்தது. நாலு மாதத்தில் அந்தச் சந்துக்குள் நுழைந்த முதல் வண்டி. ஆறாவது வீட்டு வாசலில் நின்றது. அம்மு இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெதுவாக வந்து ஏறினாள். விடியற்காலையிலிருந்தே வலி. பல்லைக் கடித்துக்கொண்டு பொக்லைன் சத்தத்தையே கேட்டபடி உள்ளே கிடந்தாளாம். பவுனம்மாள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து அவள் தலையைத் தடவி, முந்தானையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தால் யாருக்கும் அப்படித்தான்.

ஆட்டோ சந்தின் வாயில் தேவப்பிரியத்தின் குடையை ஒட்டி நின்றது. அவர் குனிந்து உள்ளே பார்த்தார்.

“இங்க மரமே இல்லையேம்மா. நான் அறிக்கையில என்னன்னு எழுதறது?”

“நீ இன்னா வேணா எழுதிக்க சார். கீற மேட்டுக்கு எழுதிக் குட்த்தேன், நாலு மாசம் வரல. இல்லாத மரத்துக்கு மறுநாளே பொக்லைனோட வந்துட்ட. அதனால எனக்கு ஒரு ஒதவி பண்ணு. அந்தப் பொட்டியில எங்க சந்துக்குள்ள ஒரு பிரசவ ஆஸ்பத்திரி போட்டுக் குடு. காணாப் பூட்சின்னு நாளைக்கே நான் வந்து கம்ப்ளைண்ட் எழுதிக் குட்க்குறேன்.”