புன்னைக்காயலில் நான் அடித்த மணி

மேடையில் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு நிகழ்ச்சி செய்தால், கலையில் மூழ்கிவிட்டான் என்று யாரும் ஏமாற வேண்டாம். கூட்டத்தைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான். மேடையில் நகைச்சுவை பேசியும் தொலைக்காட்சிக்கு எழுதியும் காலம் தள்ளியவன் சொல்கிறேன், நம்பலாம். என் முதல் மேடையில் நானும் கண்ணை மூடினேன். திறந்தபோது எதிரே ஓர் ஊரைக் காணவில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. என் ஊர் திருநெல்வேலிப் பக்கம் நாசரேத். அப்பா தலைமையாசிரியர், அண்ணன் ஆசிரியர், அத்தை ஆசிரியை. எங்கள் வீட்டு நாய்கூட பாடம் நடத்துவதுபோலத்தான் குரைக்கும். எனக்கும் ஆசிரியர் பயிற்சியில் இடம் வாங்கி வைத்திருந்தார் அப்பா. எனக்கோ பல குரல் பைத்தியம். ரயில், ஆடு, தையல் மிஷின், தலைமையாசிரியர் (அவர் வீட்டில் இல்லாதபோது மட்டும்) எல்லாரும் என் தொண்டையில் குடியிருந்தார்கள்.

தூத்துக்குடியில் பாட்டுக் கச்சேரிக் குழு வைத்திருந்த தாசன் அண்ணாச்சிதான் வழி காட்டினார். கடற்கரை ஊரான புன்னைக்காயலில் மாதா கோயில் திருவிழா, பாட்டுக்கு நடுவே எனக்குக் கொஞ்ச நேரம். கூட்டம் ரசித்தால் குழுவோடு மெட்ராஸ்.

"ரசிக்கலன்னா?" என்றேன்.

"உங்கய்யா சொல்லுத மாதிரி சாக்பீஸப் பிடி," என்றார். "ஒண்ணு தெரிஞ்சுக்கோ. கடக்கரைக்காரன் சும்மா சிரிக்க மாட்டான். அவன் ஊரு சத்தத்த அவனுக்கே போட்டுக் காட்டு. மயங்கிருவான்."

அந்தப் புத்திமதியை நான் தேவைக்கு மேல் எடுத்துக்கொண்டேன். மத்தியானமே போய் இறங்கி, ஊர் முழுக்கச் சத்தம் பொறுக்கினேன். வலை இழுக்கிற சத்தம், மீன் ஏலம், கடைசியில் கோயில் மணி. கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை அதை நிதானமாக, ஒவ்வொன்றாக அடித்தார். என் வித்தைக்கு அது சப்பென்று இருந்தது. நாசரேத்தில் மணி என்றால் ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம். வேகமாக அடித்தால், அடிக்கிறவருக்கு வேறு ஜோலி இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே மணியை வேகமாக அடித்து நிகழ்ச்சியை முடிப்பதாகத் தீர்மானித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. (வாத்தியார் வீட்டுப் பிள்ளை கேட்காது. சொல்லத்தான் செய்யும்.)

சாயங்கால ஜெபம் முடிந்து வெளிச்சம் மங்கும்போது மேடையேறினேன். ரயில் பரவாயில்லாமல் ஓடியது. ஆட்டுக்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். மீன் ஏலம் போட்டதும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "ஏலே, நம்ம சவேரியான் கணக்காவே கத்துதான் பாரு," என்று பக்கத்து ஆள் தொடையில் தட்டினார். எனக்கு மெட்ராஸ் தெரிந்தது. கண்ணை மூடினேன். இரண்டு கையையும் வாயருகே குவித்து, மைக்கை ஒட்டி நின்று, மணியடிக்க ஆரம்பித்தேன். விடாமல், மூச்சு முட்ட.

மைக் செட்டுக்காரர் குழாய் ஸ்பீக்கரை எங்கே கட்டியிருந்தார் என்று நான் கவனித்திருக்க வேண்டும். கோபுரத்தில், நிஜ மணிக்குப் பக்கத்தில் கட்டியிருந்தார்.

நாற்காலிகள் உருளும் சத்தம் கேட்டது. ஊரே எழுந்து நிற்கிறது என்று பூரித்து இன்னும் வேகமாக அடித்தேன். மூச்சு தீர்ந்து கண்ணைத் திறந்தால் எதிரே மணல். செருப்புகள். பாதி கடித்த முறுக்கு. கோபுரத்துச் சத்தத்தைக் கேட்டு வீடுகளிலிருந்தும் பின்வரிசையிலிருந்தும் ஓடியவர்களைப் பார்த்து, முன்வரிசையும் ஓடியிருக்கிறது. யாரும் கத்தவில்லை. அதுதான் என்னை உறைய வைத்தது. அத்தனை பேரும் வாய் திறக்காமல் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

அண்ணாச்சி முகம் வெளிறியிருந்தது. "பாவி, இங்கன வெரசலா மணி அடிச்சா கடலுக்குப் போனவனுக்கு ஆபத்துன்னு அர்த்தம்லே. ஓடு, போய்ச் சொல்லு."

ஓடினேன். கரையில் ஆண்கள் வள்ளங்களைத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "அந்தோணி வள்ளம் இருக்கு. சூசை வள்ளம் இருக்கு." நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "ஐயா, ஆபத்து ஒண்ணுமில்ல. அது மணி இல்ல, நான்."

"ஏலே, வெளாடுதியா?" என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். அப்போதுதான் ஒரு பெண்ணின் குரல்.

"எங்க வீட்டு வள்ளத்தக் காணல."

அவள் பெயர் செலஸ்தீன். மறுநாள் ஊர் விருந்துக்குச் சாமான் வாங்க, அவள் புருஷன் மிக்கேல் தூத்துக்குடிக்கு வள்ளத்தில் போயிருந்தான். பொழுது சாயுமுன் வந்திருக்க வேண்டியவன். என் சட்டையைப் பிடித்திருந்த கை தானாக விலகியது. நான் அடித்தது பொய் மணி. ஆனால் ஒரு வள்ளம் நிஜமாகவே இல்லை.

மாதாவிடம் வேண்டுகிற வழக்கமே இல்லாத பரம்பரைப் புராட்டஸ்டண்டான நான் அந்த நிமிஷம் மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். (மெழுகுவர்த்தியில்தான் தொடங்கினேன். இருட்ட இருட்ட மொட்டை வரைக்கும் போய்விட்டேன்.)

கழிமுகத்துப் பக்கம் ஒரு விளக்கு அசைந்தது. வள்ளம் நெருங்கியது. அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்ற மிக்கேல், கரை கொள்ளாத கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தான்.

"என்னவே இது, பிஷப்பு எதுவும் வாராரா?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு கரையே சிரித்தது. அன்று மாலை எனக்குக் கிடைக்க வேண்டிய சிரிப்பையெல்லாம் மிக்கேல் அரிசி மூட்டையில் நின்றபடியே வாங்கிக்கொண்டான். செலஸ்தீன் மட்டும் சிரிக்கவில்லை. நேரே என்னிடம் வந்தாள். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"வாயாலயா அடிச்ச?"

"ஆமாக்கா. வேகமா அடிச்சா நல்லாருக்கும்னு..."

"நல்லாத்தான் இருந்துச்சு. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் அடிச்சாவ."

சொல்லிவிட்டு மூட்டை இறக்கப் போய்விட்டாள். அறைந்திருந்தால் மறந்திருப்பேன்.

திரும்பும்போது வேனில் அண்ணாச்சி, "மெட்ராஸுக்கு வா," என்றார். "ஆனா மைக்கத் தொடக்கூடாது. எழுது. எழுதுனத அந்தந்த ஊர்க்காரன்கிட்ட வாசிச்சுக் காட்டு. அவன் சரின்னா வேற ஒருத்தன் பேசுவான்." இப்படித்தான் நான் எழுத்தாளன் ஆனேன். திறமையைக் கண்டு யாரும் பேனா கொடுக்கவில்லை. மைக்கைப் பிடுங்கியபின் கையில் மிஞ்சியது அது. மைக் என்னிடம் திரும்பி வரச் சில வருஷம் ஆயிற்று.

மாதா கடன் பாக்கி வைக்கக்கூடாது என்று மொட்டையும் போட்டுக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நாசரேத் சபையில் கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா, "பேன்," என்று மட்டும் சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய்.

இன்றும் வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்தால் என் மனைவி காபியைக் கொடுத்துவிட்டுத் தொடங்குவாள். "இவரு முதல் மேடையிலயே ஊரு பூரா எந்திரிச்சு நின்னுச்சு, தெரியுமா?" வந்தவர் என்னை மரியாதையாகப் பார்ப்பார். நானும் அடக்கமாகச் சிரித்து வைப்பேன். அவர் காபியை வாயில் வைக்கும்வரை காத்திருந்து மீதியைச் சொல்வாள். எங்களுக்கு சோபா உறை துவைத்து மாளவில்லை.