ஊர் சுற்றிய குக்கர்

"நம்ம குக்கர் எங்கங்க?"

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தபோது லிஃப்ட் மெக்கானிக் ஹாலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். குக்கர் எதிர்வீட்டில் இருந்தது. கொடுத்த புண்ணியவான் அவரேதான்.

"எதிர்வீட்டு அக்காவுக்குக் குடுத்தேன்."

"அவங்ககிட்டதான் ரெண்டு குக்கர் இருக்கே?"

"மூணாவதா ஒண்ணு வேணுமாம்."

மனைவி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை காலி. நேர்காணல் ஆங்கிலத்தில். மெக்கானிக்கின் ஆங்கிலம் ஓரளவு ஓடும். ஆனால் பாரோ, லெண்ட் என்ற இரண்டு சொல்லும் எதிரே வந்தால் மாடிகளுக்கு நடுவே சிக்கிய லிஃப்ட் மாதிரி நின்றுவிடும். இரவல் வாங்குவது எது, இரவல் கொடுப்பது எது? தலைகீழாக நின்றாலும் மண்டையில் ஏறவில்லை.

மருந்துக்கடை மாடியில் வகுப்பு நடத்தும் மாஸ்டர் ஒரு வழி சொன்னார்.

"மனப்பாடம் பண்ணாதீங்க, செஞ்சு பழகுங்க. அக்கம்பக்கத்துல ஏதாவது இரவல் வாங்குங்க, மனசுக்குள்ள பாரோன்னு சொல்லுங்க. ஏதாவது இரவல் குடுங்க, லெண்ட்னு சொல்லுங்க. அப்புறம் மறக்கவே மறக்காது."

இதை ஏன் மனைவியிடம் மறைக்க வேண்டும் என்று கேட்கலாம். அவர் மனைவியே ஆங்கில டீச்சர். வாசலில் பச்சை போர்டு, மாலையானால் ஹால் நிறையப் பிள்ளைகள். ஒருமுறை அவளிடமே படிக்க உட்கார்ந்தார். ஆங்கிலம் வரவில்லை, இருவருக்கும் நடுவே இருந்த தமிழும் சில நாள் நின்றுபோனது. டீச்சர் புருஷனே வேறு வகுப்புக்குப் போகிறான் என்று வெளியே தெரிந்தால் ஒரு பிள்ளையாவது மிஞ்சுமா? அந்த வகுப்பு அவளுக்கு உயிர். அவள் முகம் வாடினால் இவருக்குச் சோறு இறங்காது.

குக்கரைத் திரும்பக் கேட்கப் போனவர், போனதுதான் போனோம் என்று அவர்களுடைய ஏணியையும் இரவல் வாங்கிவந்தார். ஏணி எதற்கு என்று மனைவி கேட்டாள். ஒட்டடை அடிக்க என்றார். சொன்ன வாய்க்காக அடிக்கவும் வேண்டியதாயிற்று. அதில் ஃபேன் இறக்கை வளைந்தது. கீழ்வீட்டில் டேபிள் ஃபேன் இரவல் வாங்கினார், பதிலுக்குத் தம் குடையைக் கொடுத்தார். மறுநாளே மழை கொட்டியது.

போகப்போக அவருக்கே தலை சுற்றியது. யாருடைய சுத்தியலோ ஷூ அலமாரியில் கிடந்தது. கைப்பிடியில் அவரே சிவப்பு டேப் சுற்றிய இஸ்திரிப்பெட்டியைக் காணவில்லை. யாருக்குக் கொடுத்தோம் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நல்லவேளை, மனைவியும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போனார்.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் படிக்கட்டில் மடக்கினார்.

"தம்பி, கூச்சப்படாம சொல்லுங்க. வீட்டுல ஏதாவது கஷ்டமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"இல்ல, டீச்சர் வீட்டுல ஒரு சாமானும் இல்லையாம், வகுப்பை மூடிடுவாங்களாம்னு பிள்ளைங்களோட அம்மாங்க பேசிக்கிறாங்க. அதான் கேட்டேன்."

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். மனைவியின் வகுப்பைக் காப்பாற்றப்போய், அதற்கே உலை வைத்துவிட்டோமே! எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து வீட்டுக்குள் போனார்.

"இந்த மருந்துக்கடை மாடியில இருக்காரே..."

மனைவியின் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. "அங்க எதுக்குப் போனீங்க? யாரு என்ன சொன்னாங்க?"

அவள் முகம் வெளிறியதைப் பார்த்ததும் அவருக்கு இருந்த தைரியமும் போய்விட்டது. "மாடி இல்ல, கீழ... தலைவலி மாத்திரை வாங்கத்தான்," என்றார். உண்மையிலேயே தலை வலித்தது.

மறுநாள் மதியம், சாப்பிடக்கூடப் போகாமல் மாஸ்டரிடம் ஓடினார்.

"மாஸ்டர், என் வீட்டம்மாவுக்குச் சந்தேகம் வந்துருச்சு. இங்க வந்து கேட்டா, என்னைத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிடுங்க. உங்களுக்குக் கோடி புண்ணியம்."

"யாரு உங்க வீட்டம்மா?"

"பச்சை போர்டு வீட்டு இங்கிலீஷ் டீச்சர்."

மாஸ்டர் மேஜைமேல் இருந்த ஒன்றை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினார். கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றிய இஸ்திரிப்பெட்டி.

"காலை பேட்ச்ல முதல் பெஞ்சு அவங்கதான். வீட்டுக்காரர் வந்து கேட்டா தெரியவே தெரியாதுன்னு சொல்லிடுங்க, கோடி புண்ணியம்னு இப்பதான் கும்பிட்டுட்டுப் போறாங்க."