பெயரில் தையல், உள்ளே மீன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் நலம். அங்கே நீங்களும் என் மகளும் எல்லா வகையிலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், சொன்னால் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மாமா" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

போன மாதம் டிவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து, "இது வீட்டுக்கே சொந்தமான டிவி சர்வர் மாமா, வேணுங்கிற நிகழ்ச்சிய அதுவே பதிவு பண்ணி வச்சுக்கும், நிகழ்ச்சி அட்டவணைய மட்டும் நீங்க ஏத்திடுங்க" என்று சொல்லிவிட்டு ரயிலேறினீர்கள். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் கால அட்டவணை போட்டவன் நான். இதென்ன பிரமாதம் என்று வாயை விட்டேன். உங்கள் அத்தையும் நம்பிவிட்டாள். அவளுடைய தையல் வகுப்பை ஒரு சேனல்காரர்கள் வந்து படம் பிடித்திருந்தார்கள், அரை மணி நிகழ்ச்சியில் பதினொரு நிமிஷம். புதன்கிழமை பகல் மூன்று மணிக்கு ஒளிபரப்பு. அந்த நேரம் அவளுக்கு வகுப்பு. பதிவு செய்தால்தான் அவளே அவளைப் பார்க்க முடியும்.

உட்கார்ந்தேன். ஸ்கேன் செய்ததில் இருநூற்றுப் பதினாறு சேனல்கள் வந்தன. அட்டவணை தனியாக இணையத்திலிருந்து வந்தது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எந்தச் சேனலுக்கு எந்த அட்டவணை என்று நான்தான் ஒவ்வொன்றாக முடிச்சுப் போட வேண்டுமாம். அட்டவணையில் சேனல் பெயர்கூடக் கிடையாது, வெறும் எண். நாலு நாள் கழுத்து வலிக்க இருநூற்றுப் பதினாறு கல்யாணத்துக்குத் தரகு பார்த்து முடித்தால், காலைச் செய்தி மதியம் ஒன்றரைக்கு என்று நிற்கிறது. நேர வித்தியாசத்தை நிமிஷக் கணக்கில் போடு என்றது. போட்டேன், வானிலை அறிக்கை நேற்றைக்குப் போய்விட்டது. என் டிப்போவிலிருந்து ஒரு பஸ்கூட நேற்றைக்குக் கிளம்பியதில்லை மாப்பிள்ளை. கூட்டிக் கழித்து ஒருவழியாக நேரம் சரியானது.

புதனன்று மூன்று மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. சாயங்காலம் அவள் தன் பதினாலு மாணவிகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நாற்காலி போதாமல் ஒருத்தி இஸ்திரி மேசைமேல் உட்கார்ந்தாள். திரையில் "தையல் கற்போம்" என்று கொட்டை எழுத்தில் பெயர். அழுத்தினேன். கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது எப்படி என்று ஒருவர் அரை மணி நேரம் விளக்கினார். மரியாதை கருதி ஒருத்தியும் எழுந்து போகவில்லை. கடைசியில் ஒரு பெண், "டீச்சர், நீங்க எப்ப வருவீங்க?" என்றாள். "மீனெல்லாம் போனப்புறம் வருவேன்டி" என்றாள் உங்கள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். கழுவ அங்கே ஒரு பாத்திரமும் இல்லை.

திட்டியிருந்தால் தேவலை. இரண்டு நாளாக "சாப்பிட வாங்க" என்பதோடு சரி. எனக்கும் அலுத்துவிட்டது. வயரைப் பிடுங்கி, பெட்டியைத் துணியில் சுற்றி அலமாரிமேல் போட்டுவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போய்விடுங்கள். இனி டிவி அது பாட்டுக்கு ஓடட்டும், நாங்கள் எங்கள் பாட்டுக்கு இருக்கிறோம்.

மகளுக்கு என் ஆசி. நீங்களும் திரையையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் நெடுநாள் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
ஓய்ந்துபோன மாமனார்

பி.கு.: ஞாயிறு வர வேண்டாம், பெட்டியைத் தருவதாக இல்லை. நேற்று பின்னறையில் நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோதே உங்கள் அத்தை அதை இறக்கி மாட்டியிருக்கிறாள். "பதினாலாம் சேனலையும் நாப்பத்தொண்ணையும் மாத்திப் போட்டிருக்கீங்க. மத்த எல்லாமே சரியாத்தாங்க இருக்கு" என்றாள். இன்று காலை மறுஒளிபரப்பு, முழுசாகப் பதிவாகியிருக்கிறது. மூன்று தடவை பார்த்துவிட்டோம். எப்படித் தைக்கக் கூடாது என்று அவள் ஒரு சட்டையை விரித்துக் காட்டுகிறாள். "நான் மொத மொத தச்சது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. எங்க வீட்டுக்காரர் இன்னும் இதைத்தான் போட்டுக்கிட்டிருக்காரு" என்கிறாள். ஆமாம், போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.