நூற்றிருபது மில்லி குறைகிறது

அப்பா யாரையும் சந்தேகப்படுவதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். எடை மட்டும் போடுவாராம். தபால் நிலையத்தின் பார்சல் பிரிவில் இருபத்தோரு வருடமாகத் தராசோடு குடித்தனம் நடத்துபவர். "மனுஷன் பொய் சொல்லுவான், தராசு சொல்லாது" என்பது அவர் கட்சி. நகைப்பெட்டிக்கென்றே வீட்டில் ஒரு குட்டித் தராசு வைத்திருக்கிறார். நகை வெளியே போனால் ஒரு எடை, உள்ளே வந்தால் ஒரு எடை. நகை அம்மாவுடையது, கழுத்தும் அம்மாவுடையது. இவர் யார் நடுவில் சுங்க அதிகாரி? கேட்டேன். பல முறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் தராசைத் துடைக்கப் போய்விடுவார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தன் முறுக்குச் சங்கிலியைக் கழுவினாள். ஆறு வருடமாகக் கழுத்திலேயே கிடந்த சங்கிலி. பக்கத்து நாற்காலியில் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் தங்கிவிட்டு மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டியவர்.

கழுவுவதற்கு முன் எடை போட்டுக் குறித்துவைத்திருந்த அப்பா, கழுவிய பிறகும் போட்டார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டார்.

"நூத்திருபது மில்லி குறையுது."

"அழுக்கு போயிருக்கும்" என்றாள் அம்மா.

"அழுக்குக்கு ஏதுடி எடை?"

நான் பாய்ந்தேன். "ஏம்ப்பா, எடை இல்லாத பொருள் உலகத்துல உண்டா? அழுக்கும் பொருள்தானே?"

"நீ சும்மா இரு. எத்தனை அழுக்குப் பார்சல் பார்த்திருக்கேன்! இங்க யாரோ ஒரு கண்ணியைக் கழட்டியிருக்காங்க."

உட்கார்ந்து கண்ணிகளை எண்ணினார். நானூற்றுப் பதினாறு. கழுவுவதற்கு முன் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. அதனால் சந்தேகம் இன்னும் உறுதியானது. சங்கிலியைக் கழுவிய தொட்டியின் அடிக்குழாயைக் கழற்றினார். சோப்புத் தண்ணீரைத் துணியில் வடிகட்டினார். கடைசியில் மாமாவின் சட்டைப் பையை ஒரு பார்வை பார்த்தார்.

"மச்சான், பையில ஏதோ கனமா இருக்கு போல?"

மாமா பேப்பரை மடித்தார். பையைக் கவிழ்த்தார். ஒரு சீப்பும் பஸ் டிக்கெட்டும் விழுந்தன. "அக்கா, நான் கிளம்பறேன். இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்."

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. அவளுக்கு இருப்பதே ஒரு தம்பி. திருடன் என்ற பெயரோடு அவன் படி இறங்கினால் திரும்ப ஏற மாட்டான். நான் நியாயம் பேச வாயைத் திறந்தேன். அம்மா என் கையை அழுத்தினாள்.

"அத்தான் சந்தேகப்படறதும் சரிதான்டா. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு, உட்காரு." பிறகு அப்பாவிடம், "ஏங்க, மிச்ச நகையையும் இன்னைக்கே கழுவிடணும். நாங்க யாரும் தொடமாட்டோம். நீங்களே கழுவுங்க. வீட்டுல நம்பிக்கையான கை ஒண்ணாவது வேணுமில்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவே இப்படிப் பேசலாமா? அப்பாவோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒவ்வொரு நகையாக எடை போட்டார், எழுதினார், சட்டைக் கையை மடித்தார்.

"வெதுவெதுப்பான தண்ணி போதும். சோப்பு ரெண்டே சொட்டு. பழைய பிரஷ்ஷால மெதுவா தேய்ங்க. முத்துமாலையை முக்கிடாதீங்க, நூல் நைஞ்சு போயிடும், ஈரத்துணியால துடைச்சா போதும். அடியில வடிகட்டி இருக்கட்டும்." அம்மா நாற்காலியிலிருந்தே ஆணையிட்டாள். "உங்க மோதிரத்தையும் கழட்டுங்க."

"அது எதுக்கு?"

"யாருமே தொடாத நகைன்னா அது ஒண்ணுதானே."

கல்யாணத்தன்று ஏறிய மோதிரம், சோப்புப் போட்டு இழுத்ததும் வந்தது. முகப்புக்கு அடியில் இருந்த குழியிலிருந்து கறுப்பாக என்னென்னவோ வெளியேறியது.

ஒன்றரை மணி நேரம் கழித்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் துடைத்து எடை போட்டார். தோடு குறைந்தது. வளையல் குறைந்தது. மோதிரம் நூற்றைம்பது மில்லி குறைந்தது. அப்பா தராசைத் தட்டினார், அணைத்துப் போட்டார், மேசையை நகர்த்தினார்.

"தராசு ரிப்பேர்."

"மனுஷன்தானே பொய் சொல்லுவான்?" என்றேன் நான்.

பஸ்ஸுக்கு நேரமாகிப் பயணப் பையோடு வாசலில் நின்ற மாமாவிடம் அம்மா திரும்பினாள். "தம்பி, பையைக் கீழே வை. திருடன் கிடைச்சுட்டான்."

"அடியே, அது அழுக்குடி!"

"அழுக்குக்கு ஏதுங்க எடை?"

அப்பா தொண்டையைச் செருமினார். "இருக்கு போல."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? சொல்ல வேண்டியவன் அங்க நிக்கறான்."

"மச்சான்... அழுக்குக்கும் எடை இருக்கு. உட்காருங்க. அடுத்த பஸ்ல போகலாம்."

மாமா உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்து அப்பா கேட்ட முதல் மன்னிப்பு அதுதான்.

அதோடு முடியவில்லை. நம்பிக்கையான கை என்று ஒப்புக்கொண்ட பிறகு அதைத் திரும்ப வாங்க முடியுமா? இன்றும் அப்பா பிரஷ்ஷோடு தொட்டியில் குனிந்திருக்கிறார். தராசு இப்போது அம்மாவிடம். கழுவிய சங்கிலியை அப்பா பவ்யமாக நீட்டினார். அம்மா தட்டில் வைத்தாள், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள்.

"எடை குறையவே இல்லையே. சரியா தேய்க்கலை. மறுபடி கழுவுங்க."